கிணற்றுமேடு, லிஃப்ட்: ஆம்

லிஃப்ட் என்று சுவரில் கொட்டை எழுத்தில் எழுதியிருந்தது, நீலத்தில் வெள்ளை, பக்கத்தில் சக்கர நாற்காலியில் உட்கார்ந்த ஒரு பொம்மை உருவம், அதற்குக் கீழே ஓர் அம்புக்குறி, அம்புக்குறி காட்டிய இடத்தில் பிளைவுட் பலகையை ஆணி அடித்து மூடியிருந்தார்கள். பலகையின் இடுக்கில் கண்ணை வைத்துப் பார்த்த தணிகாசலத்துக்கு உள்ளே தெரிந்தது ஒரு துடைப்பம், இரண்டு காலி பெயின்ட் வாளி, யாரோ எப்போதோ குடித்துப் போட்ட பேப்பர் கப்புகள், அப்புறம் மேலே போகிற வெறும் இருட்டு. கம்பி இல்லை, பெட்டி இல்லை, பொத்தான் வைக்கச் சுவரில் ஓர் ஓட்டைகூடப் போடவில்லை. கெட்டுப்போன லிஃப்ட் என்றால் நாலு திட்டு திட்டிவிட்டுப் போகலாம், இங்கே லிஃப்ட் வந்ததே இல்லை, கட்டியவர்கள் பள்ளத்தை மட்டும் தோண்டிவிட்டுக் கணக்கு முடிந்தது என்று கையைத் தட்டிக்கொண்டு போயிருக்கிறார்கள். படுபாவிகள், என்று அவன் பல்லைக் கடித்தான், அம்புக்குறி போடத் தெரிகிறது, பொம்மை வரையத் தெரிகிறது, அந்தப் பொம்மைக்கு ஒரு சிரிப்பு வேறு. முதுகுக்குப் பின்னால் மங்கை, "என்னங்க, ஓடுதா?" என்று கேட்டாள். "இரு, பாக்கறேன்" என்றான். பார்ப்பதற்கு இனி ஒன்றுமில்லை, இருந்தாலும் இடுக்கிலிருந்து கண்ணை எடுக்கவில்லை, எடுத்தால் திரும்ப வேண்டும், திரும்பினால் அவள் முகத்தைப் பார்க்க வேண்டும். அவர்கள் இறங்கிய ரயில் அப்போதுதான் சுரங்கத்துக்குள் போயிருந்தது, அது கிளப்பிவிட்ட காற்றில் பலகை லேசாக ஆடியது, பிளாட்பாரத்துக் கடிகாரம் பத்து பன்னிரண்டு என்றது.

பதினோரு மணிக்குக் கமிட்டி. மேலே, இதே தெருவில், ஸ்டேஷன் வாசலிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கிற பள்ளிக்கூடத்தில், தலைமை ஆசிரியர் அறையில் மூன்று பேர் உட்கார்ந்து, மங்கையர்க்கரசி என்கிற கணக்கு டீச்சர் மறுபடி வகுப்புக்கு வரலாமா கூடாதா என்று முடிவு செய்யப்போகிறார்கள். பதினாறு வருஷம் அந்தப் பள்ளிக்கூடத்தில் கரும்பலகைக்கு முன்னால் நின்றவள். இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஸ்கூட்டரில் வீட்டுக்குத் திரும்பியவளை ஒரு தண்ணி லாரி தட்டிவிட்டுப் போனது, இடுப்புக்குக் கீழே உணர்வு போனது, சக்கர நாற்காலி வந்தது, அதற்கப்புறம் வாரத்துக்கு மூன்று நாள் பயிற்சிக்குப் போய்ப் போய்க் கை மட்டும் அவனுடையதைவிடத் தடிமனாகிவிட்டது. உட்கார்ந்துகொண்டே பாடம் நடத்துவேன் என்கிறாள். முதல் கூட்டத்தில் கமிட்டிக்காரர்களுக்கு அதில் சந்தேகமே இல்லை, அவர்களுடைய கேள்வி வேறு: தினமும் எப்படி வந்து போவீங்க? யாராவது தூக்கிக்கொண்டு வந்து விட வேண்டுமானால் சிரமம் பாருங்க, ஒருநாள் ஆள் வரவில்லை என்றால் நாற்பது பிள்ளைகள் சும்மா உட்கார்ந்திருக்கும் பாருங்க. அந்தப் 'பாருங்க'வை நினைத்தாலே தணிகாசலத்துக்கு இப்போதும் கை பரபரத்தது. அவள்தான் அமைதியாக, "ரயில்ல வருவேன் சார், தனியா வருவேன்" என்று சொல்லிவிட்டு வந்தாள். சும்மா சொல்லவில்லை. மடியில் இருக்கிற ஃபைலில் இரண்டாவது தாளாக வைத்திருக்கிறாள், வீட்டுப் பக்கத்து ஸ்டேஷனுக்கு ஒரு வரி, கிணற்றுமேடு ஸ்டேஷனுக்கு ஒரு வரி, இரண்டிலும் மஞ்சள் பேனாவால் கோடு இழுத்திருக்கிறாள், லிஃப்ட்: ஆம், லிஃப்ட்: ஆம். அரசாங்கமே எல்லோரும் பார்க்கட்டும் என்று இணையத்தில் போட்டு வைத்திருக்கிற நகர ரயில் நிலையங்களின் பட்டியல். தணிகாசலம் வேலை பார்க்கிற அலுவலகம் தயாரித்த பட்டியல். பிரிண்ட் எடுத்துக் கொடுத்தவனும் அவன்தான். கலரில் எடுத்துக் கொடுத்தான்.

பிரிண்ட் எடுத்த அன்றைக்காவது வாயைத் திறந்திருக்கலாம். அவள் போனைக் கையில் வைத்துக்கொண்டு, "ஏங்க, கிணத்துமேட்டுல லிஃப்ட் இருக்கு பாருங்க, உங்க ஆபீஸ் போட்டதுதானே இது?" என்று சின்னப் பிள்ளை மாதிரி சந்தோஷப்பட்டபோது அவன் "ம்" என்றான். ஒரு ம். நாலு வருஷம் ஆச்சே, இந்நேரம் போட்டிருப்பான், என்று அந்த ம்-முக்குள் சொல்லிக்கொண்டான். எவன் போட்டிருப்பான்? எவனோ. அந்த எவனோ மேல்தான் இப்போது அவனுக்கு ஆத்திரம் பொங்கியது, அந்த எவனோ நாலு வருஷம் என்ன செய்துகொண்டிருந்தான்? அவன் மேலதிகாரி ஹேமலதா மேடம் மேலும் ஆத்திரம், அவர்கள்தானே நாலு வருஷத்துக்கு முன்னால் பட்டியலை இணையத்தில் திறந்து வைத்த அன்றைக்கு மத்தியானம் மூன்று மணிக்கு வந்து தலைக்கு மேல் நின்றது, "தணிகாசலம், அஞ்சு மணிக்கு மந்திரி பட்டனை அமுக்கறாரு, இன்னும் ஏத்தலையா?" என்று. நாற்பத்தேழு ஸ்டேஷன், ஒவ்வொன்றுக்கும் இருபத்திரண்டு கட்டம், பேர், குறியீடு, திறந்த வருஷம், எத்தனை வாசல், குடிநீர் உண்டா, கழிப்பறை உண்டா, சாய்தளம் உண்டா, லிஃப்ட் உண்டா. பதினாறு ஸ்டேஷன்தான் ஒழுங்காக நிரப்பி அனுப்பியிருந்தது. மற்றதில் பாதி அரையும் குறையும், பாதி வரவே இல்லை. கட்டம் ஒன்று காலியாக இருந்தால் அந்த இணையதளம் முழுப் பட்டியலையும் துப்பிவிடும், சிவப்பாக ஒரு வரி வரும், மறுபடி முதலிலிருந்து. போன் போட்டுப் பார்த்தான், எந்த ஸ்டேஷனிலும் எடுக்கவில்லை. அப்போதுதான் அந்தப் பழக்கம், அந்த ஆபீசில் எல்லோருக்கும் இருக்கிற, யாரும் யாருக்கும் சொல்லிக் கொடுக்காத பழக்கம். காலியாக இருக்கிற கட்டத்துக்கு மேல்கட்டத்தில் என்ன இருக்கிறதோ அதன் மூலையைப் பிடித்துக் கீழே வரை இழுத்துவிடுவது. பதினாறாவது ஸ்டேஷனில் லிஃப்ட் இருந்தது, நிஜமாகவே இருந்தது, அங்கே 'ஆம்' என்று இருந்தது. மூலையைப் பிடித்தான். இழுத்தான். ஆம், ஆம், ஆம், ஆம் என்று முப்பத்தொரு ஸ்டேஷனுக்கு லிஃப்ட் வந்துவிட்டது, ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. ஐந்து மணிக்கு மந்திரி பட்டனை அமுக்கினார், எல்லோரும் கை தட்டினார்கள், அடுத்த மாதம் தணிகாசலத்துக்கு ஒரு கேடயம் கொடுத்தார்கள், ஒரு கட்டம்கூடக் காலியில்லாத பட்டியல் என்று. அது வீட்டில் டிவிக்கு மேல் இருக்கிறது. மங்கைதான் துடைத்து வைப்பாள், இப்போதும் எட்டுகிற அளவுக்கு அலமாரியைத் தாழ்த்தி அடிக்கச் சொல்லித் துடைத்து வைக்கிறாள்.

"ஏங்க, திரும்புங்க. என்ன ஆச்சு சொல்லுங்க." திரும்பினான். அவள் முகத்தில் கோபம் இல்லை, அதுதான் இன்னும் எரிச்சலாக இருந்தது, கோபப்பட்டால் இவனும் சேர்ந்து கத்தலாம், பிளாட்பாரத்தில் போகிறவன் வருகிறவனை எல்லாம் இழுத்து வைத்துக் கத்தலாம். "லிஃப்ட் இல்ல" என்றான். "இல்லன்னா? ரிப்பேரா?" "இல்லவே இல்ல." அவள் ஃபைலைத் திறந்து இரண்டாவது தாளைப் பார்த்தாள், பிறகு பலகையைப் பார்த்தாள், மறுபடி தாளைப் பார்த்தாள், பிள்ளைகள் போட்ட கணக்கில் எங்கே தப்பு என்று தேடுகிற அதே பார்வை. "இதுல இருக்குன்னு போட்டிருக்கே" என்றாள். மங்கை, அதில் என்ன வேண்டுமானாலும் போடலாம், நான் அன்றைக்கு யானை என்று இழுத்திருந்தால் முப்பத்தொரு ஸ்டேஷனிலும் யானை நின்றிருக்கும். சொல்லவில்லை. "எவனோ மடப்பய போட்டிருக்கான்" என்று சத்தமாகச் சொன்னான், ஸ்டேஷனே திரும்பிப் பார்க்கிற மாதிரி. சொன்னபோது நெஞ்சு கொஞ்சம் லேசான மாதிரிகூட இருந்தது, அதை நினைத்து மறுபடி கோபம் வந்தது. அடுத்த ஸ்டேஷனுக்குப் போய்விடலாமா, அங்கே மேலே ஏறி ஆட்டோ பிடித்துத் திரும்பி வரலாமா, என்று கேட்க வாயெடுத்தான், அடுத்த ஸ்டேஷன் எது, மணல்தோட்டம், அது பட்டியலில் எத்தனையாவது, முப்பத்திரண்டோ முப்பத்து மூன்றோ, அதுவும் இழுத்ததில் வந்ததுதான். அதற்கடுத்தது? அதுவும். இழுத்த ஆம்களில் எது நிஜம், எது பொய் என்று இவனுக்கே தெரியாது. ஒரு ஊர் முழுக்கப் பூமிக்கு அடியில் ஓடுகிறது, அதில் எந்த இடத்தில் மேலே வர முடியும் என்று அவனால் தன் பெண்டாட்டிக்குச் சொல்ல முடியவில்லை. எத்தனை பேர் இப்படி வந்து நின்றிருப்பார்கள்? நாலு வருஷம். கிழவர்கள், பிள்ளைத்தாய்ச்சிகள், காலில் கட்டுப் போட்டவர்கள், இவளைப் போல ஃபைலை மடியில் வைத்துக்கொண்டு வந்தவர்கள். யாரும் எழுதிப் போடவில்லையா? போட்டிருந்தால் யாருக்கு வந்திருக்கும்? அவனுக்குத்தான் வந்திருக்கும். 'பிழை இருந்தால் தெரிவிக்கவும்' என்று கீழே இருக்கிற முகவரிக்கு வருகிற கடிதங்களை அவன் திங்கட்கிழமை தோறும் மொத்தமாகத் தேர்ந்தெடுத்து, படித்தாயிற்று என்று குறித்துவிடுவான்.

படிக்கட்டுப் பக்கமிருந்து ஒரு அம்மாள் வேகமாக வந்தாள், ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும், கழுத்தில் ரெஜினா என்று அட்டை, அந்த ஸ்டேஷனுக்குப் பொறுப்பு. "யார் சார் கத்தறது?" என்று ஆரம்பித்தவள் சக்கர நாற்காலியைப் பார்த்ததும் குரலை இறக்கிக்கொண்டாள். "மேடம், இங்க லிஃப்ட் கிடையாது மேடம். சொல்லாம வந்துட்டீங்களே." தணிகாசலம் பாய்ந்தான். அவ்வளவு நேரம் இடம் தேடி அலைந்த கோபத்துக்கு ஒரு ஆள் கிடைத்தது. "சொல்லிட்டு வரணுமா? சுவத்துல எழுதி வச்சிருக்கீங்க, அம்பு போட்டிருக்கீங்க, வர்றவங்க என்ன பறந்தா போவாங்க? நாலு வருஷமா என்ன பண்றீங்க? ஒரு லெட்டர் போட வக்கில்லையா உங்களுக்கு?" என்று கையை ஆட்டி ஆட்டிக் கத்தினான், தன் குரல் சுரங்கத்தில் போய்த் திரும்பி வருவதைக் கேட்டான், நியாயமான மனிதனின் குரல் மாதிரியே இருந்தது. ரெஜினா அசரவில்லை. "முடிச்சிட்டீங்களா சார்? லெட்டர் போட வக்கில்லையான்னு கேட்டீங்கல்ல. ஏழு லெட்டர் போட்டிருக்கேன். போன வருஷம் லிஃப்ட் இல்லாத ஸ்டேஷனுக்கெல்லாம் லிஃப்ட் போட ஒரு லிஸ்ட் எடுத்தாங்க. எங்க ஸ்டேஷன் அதுல இல்ல. ஏன்னு கேட்டேன். என்ன பதில் வந்துச்சு தெரியுமா?" போனைத் தேய்த்து எடுத்து அவன் மூக்குக்கு நேராக நீட்டினாள். கடிதத்தின் படம். தங்கள் நிலையத்தில் லிஃப்ட் உள்ளதாகப் பொதுத் தரவில் பதிவாகியுள்ளதால் தங்கள் கோரிக்கை ஏற்கப்படவில்லை. "இல்லாத லிஃப்டை இருக்குன்னு எவனோ போட்டு வச்சிட்டான் சார். நான் இங்க தினம் அந்தப் பள்ளத்தைப் பாக்கறேன், அவங்க அங்க உக்காந்துட்டு எனக்கு லிஃப்ட் இருக்குங்கறாங்க. இத்தனைக்கும் அன்னைக்கு விவரம் கேட்டு வந்த ஃபார்ம்ல இல்லைன்னு என் கையால எழுதி அனுப்பினேன். ரெண்டு நாள் லேட்டாயிடுச்சு. அவ்ளோதான்."

இரண்டு நாள். பழுப்புக் கவர்கள். பட்டன் அமுக்கிய வெள்ளிக்கிழமைக்கு அப்புறம் வந்த திங்கட்கிழமை அவன் மேசையில் ஒரு கட்டு வந்து கிடந்தது, அவனுக்கு ஞாபகம் இருக்கிறது, மேல்கவரில் நீல மையில் குண்டு குண்டாகக் கையெழுத்து, அனுப்புநர் என்று எழுதி அடிக்கோடு போட்டிருந்தது, பிரிக்கவில்லை, பட்டியல்தான் ஏறிவிட்டதே என்று கீழ் டிராயரில் போட்டான். அந்த டிராயர் அதற்கப்புறம் சரியாக மூடவில்லை, முழங்காலால் இடித்து மூடுவான், ஒவ்வொரு தடவையும் திட்டுவான், ஆபீசில் கொடுக்கிற மேசையைப் பார் என்று. இவ்வளவு நாளும் அவன் நினைத்துக்கொண்டிருந்தது, ஒரு பொய் இருக்கிறது, அது பாட்டுக்கு ஒரு மூலையில் கிடக்கிறது, நேரம் கிடைக்கும்போது திருத்திக்கொள்ளலாம் என்று. இரண்டு மூன்று தரம் திருத்தவும் உட்கார்ந்தான். மங்கை ஆஸ்பத்திரியிலிருந்து வந்த புதிதில். திருத்தப் போனால் இணையதளம் ஒரு கட்டத்தை நீட்டும், 'காரணம்' என்று, அதை நிரப்பாமல் விடாது. அந்தக் கட்டத்துக்கு மேலே இழுத்துவிட ஒன்றும் இல்லை. மூடிவிடுவான். அது சும்மா கிடக்கவில்லை என்று இப்போது தெரிந்தது. அது ஒரு ஆள் மாதிரி இந்தப் பள்ளத்தின் வாயில் நின்றுகொண்டு, வருகிற லிஃப்டையெல்லாம் திருப்பி அனுப்பியிருக்கிறது. போன வருஷமே இங்கே லிஃப்ட் வந்திருக்கும். இன்றைக்கு மங்கை பொத்தானை அமுக்கி மேலே போயிருப்பாள். தினமும் போவாள். அப்போதும் கோபம்தான் வந்தது, ஹேமலதா மேடம், மந்திரி, காலிக் கட்டத்தைத் துப்புகிற இணையதளம், இரண்டு நாள் லேட்டாக அனுப்பின இந்தப் பொம்பளை, ஒவ்வொருவராகப் பிடித்துப் பார்த்தான், யார் மேலும் அது நிற்கவில்லை, வழுக்கி வழுக்கி விழுந்தது.

மங்கை கடிகாரத்தைப் பார்த்தாள். பத்து இருபத்திரண்டு. "எத்தனை படி?" என்று ரெஜினாவைக் கேட்டாள். "நாப்பத்திரண்டு மேடம். நடுவுல ஒரு தளம் இருக்கு. நாலு பேரைக் கூப்பிடறேன், சேரோட தூக்கிடலாம்." "வேணாம். தூக்கிட்டு வந்தாங்கன்னு அங்க போய்ச் சொன்னா இன்னையோட முடிஞ்சுது. நாளைக்கும் நாலு பேர் வருவாங்களா?" நாற்காலியைத் தானே உருட்டிப் படிக்கட்டின் அடியில் கொண்டுபோய் நிறுத்தினாள், பிரேக் போட்டாள், புடவையை இழுத்துச் செருகினாள். "சேரை மட்டும் மேல கொண்டாந்துடுங்க, போதும்." முதல் படியில் கையை ஊன்றிப் பின்பக்கமாக நாற்காலியிலிருந்து இறங்கி உட்கார்ந்தாள். அடுத்த படியில் இரண்டு உள்ளங்கைகளையும் வைத்தாள், தோள் இரண்டும் எழும்பியது, உடம்பு எழும்பியது, கால்கள் கீழே தொங்கிக்கொண்டு வந்தன. ஒரு படி. கால்களைக் கையால் எடுத்துப் பக்கத்தில் வைத்துக்கொண்டாள். இன்னொரு படி. பயிற்சிக்காரி சொல்லிக் கொடுத்ததுதான், அவசரத்துக்கு இருக்கட்டும் என்று. மேலேயிருந்து இறங்கியவர்கள் சுவரோரமாக ஒதுங்கினார்கள், ஒருவன் போனை எடுத்தான், தணிகாசலம் முறைத்த முறைப்பில் உள்ளே வைத்துக்கொண்டான். ரெஜினா நாற்காலியை மடக்கித் தோளில் போட்டுக்கொண்டு முன்னால் போனாள். அவன் கையில் ஃபைல். இருபத்திரண்டு கட்டம் இருந்ததே, எத்தனை படி என்று ஒரு கட்டம் இருந்ததா? இல்லை. படியை யாரும் கேட்கவில்லை. அவள் பக்கத்திலேயே ஒவ்வொரு படியாக ஏறி ஏறி நின்றான், உதவி செய்யத் தெரியாமல், அவள் தலை அவன் முழங்காலுக்கு நேராக இருந்தது, வகிட்டில் வேர்வை.

பதிமூன்றாவது படியில் அவள் மூச்சு வாங்கிக்கொள்ள நிறுத்தினாள். உள்ளங்கையைப் பார்த்தாள், கறுப்பாக இருந்தது, வெற்றிலைச் சாறோ என்னவோ ஒட்டியிருந்தது, புடவையில் துடைக்கப் போனவள் கமிட்டி ஞாபகம் வந்து படியின் ஓரத்திலேயே தேய்த்தாள். "ஏங்க" என்றாள், "உங்க ஆபீஸ்தானே. அந்த 'ஆம்' போட்ட ஆள் யாருன்னு கேட்டா தெரியாது? கண்டுபிடிச்சுச் சொல்லுங்க. எனக்கு ஒரே ஒரு வார்த்தை பேசணும்." கோபமாகக்கூடச் சொல்லவில்லை. எவனோ ஒருவனைப் பற்றி, முகம் தெரியாத ஒருவனைப் பற்றிச் சொல்கிற மாதிரி. இதற்கும் ஒரு ம் சொல்லிவிடலாம். அந்த ம் நாக்கு நுனிவரை வந்தது. வந்ததும் அவனுக்குத் தன் மேல் அப்படி ஒரு அருவருப்பு பொங்கியது, தண்ணி லாரிக்காரன் மேல்கூட இப்படி வந்ததில்லை. "நான்தான்" என்றான். சத்தம் வரவில்லை. மறுபடி, "நான்தான் மங்கை. தெரியாம போடல. தெரிஞ்சுதான். நேரமில்லன்னு மேல இருந்த 'ஆம்'ங்கறதை அப்படியே கீழ இழுத்துவிட்டேன்" என்றான். அவள் அண்ணாந்து பார்த்தாள். அவள் கண் அவன் முகத்திலிருந்து கையிலிருந்த ஃபைலுக்குப் போனது, கலர் பிரிண்டுக்குப் போனது என்று அவனுக்குத் தெரிந்தது. திட்டு, என்று நினைத்தான், எல்லோர் முன்னாலும் திட்டு, அறைந்துவிடு.

"உக்காருங்க" என்றாள். அவனுக்குப் புரியவில்லை. "எனக்கு ஒண்ணுமில்ல, நான் நிக்கறேன்" என்றான் முட்டாள்தனமாக. "உக்காருங்கன்னேன். என் பக்கத்துல. காலை ஊனாதீங்க." மேலே தளத்தில் நாற்காலியோடு நின்ற ரெஜினா எட்டிப் பார்த்தாள். அவன் அயர்ன் பண்ணின பேன்டோடு பதிமூன்றாவது படியில் உட்கார்ந்தான். ஃபைலை அவள் வாங்கித் தன் மடியில் வைத்து, முந்தானையால் ஒரு சுற்றுச் சுற்றிச் செருகிக்கொண்டாள். "பதினோரு மணிக்கு நீங்களும் உள்ள வர்றீங்க. இந்தப் பேப்பரைக் காட்டி, இது பொய், நான்தான் போட்டேன்னு நீங்களே சொல்றீங்க. அதுக்கப்புறம், பொய்யா இருந்தும் நான் வந்துட்டேன்னு நான் சொல்றேன். இப்ப ஏறுங்க." அவன் கையைப் பின்னால் வைத்தான். படி சில்லென்று ஈரமாக, மண்ணாக இருந்தது. அழுத்தினான், தோள் வலித்தது, உடம்பு அரையடி எழும்பி அப்படியே வழுக்கிப் பழைய இடத்தில் உட்கார்ந்தது. பள்ளிக்கூடப் பெண்கள் இரண்டு பேர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தபடி தாண்டிப் போனார்கள். கத்த வேண்டும் போல இருந்தது, யாரைப் பார்த்து என்று தெரியவில்லை. மறுபடி அழுத்தினான். மங்கை அதற்குள் பதினைந்தாவது படியில் இருந்தாள், காலை எடுத்துப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அவன் வருவதற்காகக் காத்திருந்தாள்.

"இன்னும் இருபத்தொன்பது இருக்கு உங்களுக்கு" என்றாள்.